ரேகை விழாத கடையும் ஏழு போர்ட் ஹப்பும்

போன நவம்பர் முதல் வாரம். திண்டுக்கல்லில் அக்கா நடத்தும் ஜெராக்ஸ் கடையில் காலை ஒன்பதரைக்கே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நவம்பர் பிறந்தால் மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று முறை வந்த பிறகு அதற்காக வங்கியில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண் இரண்டையும் கொடுத்துவிட்டு விரலை வைத்தால் முடிந்தது. அக்கா கடையில் அந்த விரல் வைக்கிற இடத்தில்தான் எல்லாம் நின்றது.

ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கட்டைவிரலை வைத்தார். மெஷினில் விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி வைத்தார், மறுபடி அணைந்தது. அக்கா ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டாள். வேறு விரலை வைக்கச் சொன்னாள். ஆறாவது தடவை அவரே கையை இழுத்துக்கொண்டார். "தேஞ்சு போச்சும்மா. நாப்பது வருஷம் சல்லி அள்ளின கை" என்றார். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். ரேஷன் கடையிலிருந்து வங்கி வரை ரேகை விழவில்லை என்றால் முதலில் விரலைத்தானே குறை சொல்கிறோம்.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு ஊருக்கு வருவேன். அன்று சனிக்கிழமை. திரையில் வந்த பிழை எண்ணைப் பார்த்தேன்: 720. அக்கா அதைக் கவனித்ததே இல்லை, கவனிக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதும் இல்லை. ஆதார் கைரேகை மெஷினோடு ஆர்டி சர்வீஸ் என்று ஒரு மென்பொருள் ஓடும். நேரத்துக்குள் ரேகை கிடைக்காவிட்டால் அது 700 காட்டும். ரேகை கிடைத்து, ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஆதார் பக்கத்திலிருந்து 300 வரும். 720 என்றால் கருவியே தயாராக இல்லை. விரல் தேய்ந்திருந்தால் 700 வரலாம், 300 வரலாம். 720க்கும் விரலுக்கும் சம்பந்தம் கிடையாது. இந்த மூன்று எண்களையும் பெரிதாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். கைரேகை மெஷின் வைத்திருக்கும் எல்லாக் கடையிலும் இது இருக்க வேண்டும். தன் கை கெட்டுப்போய்விட்டது என்று ஒரு பெரியவர் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

மேஜைக்குக் கீழே குனிந்தேன். கணினியின் ஒரு யுஎஸ்பி போர்ட்டை ஏழாகப் பிரித்துத் தரும் ஒரு ஹப், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சுவிட்ச், நீல விளக்குகள். அதில் ஆறு வயர்கள். கைரேகை மெஷினை அதிலிருந்து பிடுங்கி, கேபினட்டின் (கணினிப் பெட்டியின்) பின்பக்கத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்த இடத்தில் நேராகச் செருகினேன். ஆர்டி சர்வீஸை மறுபடி தொடங்கி, பெரியவரை உட்காரச் சொல்லி, "ஐயா, இன்னொரு தடவை வைங்க" என்றேன். முதல் தடவையிலேயே ரேகை விழுந்தது. அவர் தன் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய கூட்டம் அப்படியே ஓடியது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கை எவ்வளவு நாள் கழற்றி வைக்க முடியும்? நிரந்தரமாக ஒரு வழி வேண்டும். "தம்பி, நல்ல ஹப்பா ஒண்ணு வாங்கிக் குடுத்துடு" என்றாள் அக்கா. எது நல்ல ஹப் என்று கண்டுபிடித்து மாட்டி முடிக்க மூன்று வாரம் ஆனது. இதே மாதிரி மேஜை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் இருப்பதை எழுதினேன். நான்காம் தலைமுறை ஐ3, ஹெச்81 மதர்போர்டு, விண்டோஸ் 10. பின்பக்கம் நான்கு யுஎஸ்பி போர்ட்: இரண்டு நீலம் (வேகமான 3.0), இரண்டு கறுப்பு (பழைய 2.0). முன்பக்கம் இரண்டில் ஒன்று உடைந்தது. மாட்ட வேண்டியவை ஒன்பது: கீபோர்டு, வயர்லெஸ் மவுஸின் ரிசீவர், லேசர் பிரிண்டர், கேனன் லைடு ஸ்கேனர், கைரேகை மெஷின், வெப்கேம், பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க், வாடிக்கையாளர் பென் டிரைவ், அப்புறம் போனிலிருந்து பிரிண்ட் எடுக்க வருபவர்களுக்கான கேபிள். கீபோர்டு, பிரிண்டர், ஹார்ட் டிஸ்க், ஹப் நான்கும் பின்பக்கத்தில். மீதி ஆறும் ஹப்பில்.

எப்போது மெஷின் நின்றுபோகிறது என்று கேட்டால் அக்கா "எப்பப் பார்த்தாலும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. போன் கேபிளைச் செருகினேன், ஒன்றுமில்லை. போன் மாட்டியிருக்கும்போதே ஸ்கேனரை ஓடவிட்டேன். கணினி 'டிங் டொங்' என்றது, கைரேகை மெஷின் பட்டியலிலிருந்து காணாமல் போய் மூன்று விநாடியில் திரும்பி வந்தது. இன்னொரு தடவை செய்தேன், அதே கதை. கடையில் கூட்டம் இருக்கும்போது ஒருவர் போனை மாட்டுவார், இன்னொருவருக்கு ஸ்கேன் ஓடும், மூன்றாமவர் விரல் வைப்பார். அதனால்தான் அக்காவுக்கு அது எப்போதும் நடப்பதாகத் தெரிந்திருக்கிறது.

வாங்கப் போகும் முன் காசில்லாமல் செய்யக்கூடியதைச் செய்தேன். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்தேன். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு ஹப்புக்கும் மின்சாரம் சேமிக்க இதை நிறுத்தலாம் என்ற டிக்கை எடுத்தேன். சும்மா இருக்கும் கருவி தூங்கிப்போய் எழுந்திருக்காத கோளாறுக்கு இது நல்ல மருந்து. இங்கே பலனில்லை. கோளாறு வேறு இடத்தில்.

யுஎஸ்பி ட்ரீ வியூ என்று இலவசமாக ஒரு மென்பொருள் கிடைக்கிறது, நிறுவக்கூட வேண்டாம். எந்தக் கருவி எந்த ஹப்பில், எந்த வேகத்தில், எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று சொல்லி இணைந்திருக்கிறது என்பதை மரம் மாதிரி காட்டும். அதில் ஏழு போர்ட் ஹப்பைப் பார்த்தால் உள்ளே இரண்டு ஹப்: ஒரு நான்கு போர்ட் சிப், அதன் நான்காவது போர்ட்டில் இன்னொரு நான்கு போர்ட் சிப். மூன்றும் நான்கும் ஏழு. கடையில் கிடைக்கும் ஏழு போர்ட் ஹப்களில் பல இந்த மாதிரிதான், அது தவறும் இல்லை. யுஎஸ்பி விதிப்படி அடுத்தடுத்து ஐந்து ஹப் வரை கோக்கலாம். ஆனால் ஹப்பில் ஹப் கோக்கும்போது ஏற்கெனவே உள்ளே இரண்டு இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அதிர்ச்சி வேறொரு வரியில் இருந்தது. இந்த ஹப்புக்கு அடாப்டரே கிடையாது, அடாப்டர் செருக ஓட்டையும் இல்லை. ஆனால் கணினியிடம் அது தன்னை 'சொந்த மின்சாரம் உள்ள ஹப்' என்று அறிவித்துக்கொண்டிருந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், கணினி கரண்ட்டை அளந்து பார்ப்பதில்லை, ஹப் சொல்வதை நம்புகிறது. யுஎஸ்பி 2.0இல் ஒரு போர்ட் தரும் அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். அடாப்டர் இல்லாத ஹப் அந்த 500இல் தனக்கு 100 வைத்துக்கொண்டு, மீதியை நான்கு போர்ட்டுக்கு நூறு நூறாகப் பிரிக்க வேண்டும். நேர்மையான ஹப்பாக இருந்தால் அதில் 500 கேட்கும் ஸ்கேனரை மாட்டியதும் 'போதுமான மின்சாரம் இல்லை' என்று விண்டோஸ் மறுத்துவிடும். நமக்கும் காரணம் தெரிந்துவிடும். சொந்த மின்சாரம் இருக்கிறது என்று பொய் சொல்லும் ஹப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 500 உண்டு என்று நினைத்து கணினி எல்லாவற்றையும் அனுமதித்துவிடும். அந்த ஆறு கருவிகளும் கேட்பதைக் கூட்டினேன்: போன் 500, ஸ்கேனர் 500, வெப்கேம் 500, கைரேகை மெஷின் 300, பென் டிரைவ் 200, மவுஸ் ரிசீவர் 100. மொத்தம் 2,100. கிடைப்பது 500. கருவிகள் அறிவிப்பது உச்ச அளவைத்தான், எப்போதும் அவ்வளவு இழுப்பதில்லை. அதனால்தான் இந்த ஹப் இத்தனை மாதம் ஓடியிருக்கிறது.

என்னிடம் கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி மீட்டர் உண்டு. போர்ட்டுக்கும் வயருக்கும் நடுவில் செருகினால் வோல்ட், ஆம்பியர் இரண்டும் காட்டும். ஹப் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் இதை வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். கணினி போர்ட்டில் ஹப்பின் பிளக் சேரும் இடத்தில், எல்லாம் ஓடும்போது 4.97 வோல்ட், 1.1 ஆம்பியர். மதர்போர்டு 500இல் நிறுத்தாமல் இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே இருக்கும் பாதுகாப்பு ஃபியூஸ் பெரும்பாலும் இரண்டு போர்ட்டுக்குச் சேர்த்து, கொஞ்சம் தாராளமாகவே வைக்கப்படுகிறது. அடுத்து மீட்டரை ஹப்பின் காலி போர்ட்டில் செருகினேன்: 4.31 வோல்ட். 0.66 வோல்ட் ஹப்பின் வயரிலும் அந்தச் சின்னச் சுவிட்ச்களிலுமே கரைந்திருக்கிறது. 1.1 ஆம்பியரால் வகுத்தால் 0.6 ஓம். முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பிக்கு இது ஆச்சரியமில்லை.

500 மில்லி ஆம்பியர் தரும் போர்ட்டில் குறைந்தது 4.75 வோல்ட் இருக்க வேண்டும். அடாப்டர் இல்லாத ஹப்பின் போர்ட்டில்கூட 4.4க்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்கேனரும் போனும் சேரும்போது வோல்ட் அதற்கும் கீழே போனது. விளக்கை எரியவிட்டுப் படம் பிடிக்கும் கைரேகை மெஷின் முதலில் மயங்கி விழுந்தது. அதற்குத்தான் பெரியவர் ஆறு தடவை விரல் வைத்திருக்கிறார்.

இன்னொன்று. ஹப்பின் பெட்டியில் 3.0 என்று அச்சிட்டிருந்தது, சாக்கெட்டும் நீல நிறம். ட்ரீ வியூ அதை 2.0 என்றது. பிளக்கைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். யுஎஸ்பி 3.0 பிளக்கில் முன்னால் இருக்கும் நான்கு தகடுகளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து சிறிய முனைகள் இருக்க வேண்டும், மொத்தம் ஒன்பது. இதில் நான்கே. நிறம் எந்த பிளாஸ்டிக்கிலும் வரும். முனையை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

சரி, எத்தனை போர்ட் உள்ள ஹப் வாங்குவது? பத்து போர்ட் வாங்கி எல்லாவற்றையும் அதில் மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நான் கேபினட்டைத் திறந்தேன். ஹெச்81 சிப்செட்டுக்கு மொத்தம் பத்து யுஎஸ்பி போர்ட் உண்டு, அதில் இரண்டு 3.0. வெளியே தெரிவது பின்னால் நான்கு, முன்னால் இரண்டு. மீதி? மதர்போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது முள் உள்ள ஒரு யுஎஸ்பி 2.0 இணைப்பு சும்மா இருந்தது. அதிலிருந்து இரண்டு போர்ட் எடுக்கலாம். கேபினட்டின் பின்பக்கத் தகடு ஒன்றில் இரண்டு சாக்கெட் பொருத்தி, வயரோடு விற்கிறார்கள். ஒரு ஹப்பின் விலையில் சிறு பங்குதான். ஹப்பில் பங்கு போட்டுக்கொள்ளும் சிக்கல் இதில் இல்லை, இரண்டுக்கும் தலா 500 மில்லி ஆம்பியர் மதர்போர்டிலிருந்து நேராக வரும். உங்கள் கணினிக்கு ஹப் தேடும் முன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி இதைப் பாருங்கள். நிறைய மேஜைக் கணினிகளில் இது காலியாகவே கிடக்கிறது. மாட்டும்போது பிளக்கில் அடைபட்டிருக்கும் ஒரு துளை, முள் இல்லாத மூலைக்கு நேராக வர வேண்டும். மறுபுறமாக அழுத்தினால் மதர்போர்டு போய்விடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பின்பக்கத்தில் ஊதாவும் பச்சையுமாக, கீபோர்டோ மவுஸோ மாட்டும் பழைய வகை பிஎஸ்/2 சாக்கெட்டும் இருந்தது. வீட்டில் என் பழைய டிவிஎஸ் கோல்டு கீபோர்டு, பிஎஸ்/2 வகை, பரணில் இருந்தது. தட்டினால் டக் டக் என்று இன்னும் புதுசு மாதிரி. அதைக் கொண்டுவந்து மாட்டினேன், ஒரு யுஎஸ்பி போர்ட் மிச்சம். விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக வேண்டிய நாளில் ஹப் வழியாக மாட்டிய கீபோர்டு சில கணினிகளில் வேலை செய்யாது, அந்தக் கவலையும் போனது.

இப்போது மறுபடி எண்ணினேன். கைரேகை மெஷினும் ஸ்கேனரும் பின்பக்கக் கறுப்பு போர்ட்டில் நேராக. வெப்கேமும் பிரிண்டரும் புதிய தகட்டில். மவுஸ் ரிசீவர் முன்பக்கம். ஹப்புக்கு மிஞ்சியவை ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், போன் கேபிள் மூன்றுதான். நான்கு போர்ட் ஹப் போதும். ஆனால் அந்த மூன்றும் பசிக்காரர்கள். இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் ஒரு ஆம்பியரை நெருங்கும், கிடைக்காவிட்டால் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். யுஎஸ்பி 3.0இல் போர்ட்டுக்கு 900 மில்லி ஆம்பியர் கணக்கு. நான்குக்கு 3.6 ஆம்பியர். எனவே அடாப்டர் 5 வோல்ட்டில் 4 ஆம்பியர் தர வேண்டும், அல்லது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் தந்து ஹப் உள்ளேயே அதை 5 ஆக மாற்ற வேண்டும்.

வாடிக்கையாளர் பென் டிரைவை ஏன் மதர்போர்டில் நேராகச் செருகவில்லை என்று அக்கா கேட்டாள். தினமும் இருபது முப்பது பேர் கொண்டுவரும் பென் டிரைவ்கள், முனை வளைந்தவை, மழையில் நனைந்தவை. ஒன்று ஷார்ட் ஆனால் போவது ஹப்பாக இருக்கட்டும். ஹப் போனால் வேறு வாங்கலாம், மதர்போர்டு போனால் கடையே நிற்கும். அதற்காகவே போர்ட்டுக்குத் தனித்தனி பாதுகாப்பு உள்ள ஹப்பாக வேண்டும் என்று முடிவு செய்தேன். பெட்டியில் இதை எழுதியிருப்பார்கள். வாங்கிய பிறகு ட்ரீ வியூவிலும் ஹப்பின் விவரத்தில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா என்று தெரியும்.

அந்த வாரம் சென்னையில் வேலை முடிந்ததும் கணினிப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அடாப்டரோடு வந்த ஒரு நான்கு போர்ட் 3.0 ஹப், 5 வோல்ட் 2 ஆம்பியர். கொஞ்சம் குறைவுதான், மூன்று கருவிக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை மாட்டினேன். ஹார்ட் டிஸ்க் பறந்தது. பழைய 2.0 போர்ட்டில் விநாடிக்கு 35 மெகாபைட் சுற்றி நகலெடுத்தது, இப்போது 100ஐத் தாண்டியது. கைரேகை மெஷின் ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை. நிம்மதியாக பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை இரவு போன். "தம்பி, கம்ப்யூட்டரை அணைச்சு யுபிஎஸ்ஸையும் அணைச்சுட்டேன். கேபினட்ல லைட் மங்கலா எரியுதுடா."

என்ன நடக்கிறது என்று உடனே புரிந்தது. ஹப்பின் அடாப்டர் வேறு பிளக் பாயிண்டில் இருந்தது. அந்த 5 வோல்ட், ஹப்பின் வயர் வழியாகவே பின்னோக்கிக் கணினிக்குள் ஏறுகிறது. யுஎஸ்பி விதிப்படி ஹப் ஒருபோதும் மேல்பக்கம் மின்சாரம் தள்ளக் கூடாது. அடாப்டரின் 5 வோல்ட்டையும் கணினியின் 5 வோல்ட்டையும் பிரிக்க ஒரு சுவிட்ச் சுற்றோ, கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடோ வேண்டும். மலிவாகச் செய்ய நினைப்பவர்கள் இரண்டு கம்பியையும் நேராகச் சேர்த்துவிடுகிறார்கள். இதனால் அணைத்த கணினி முழுதாக அணையாமல் கிடக்கும், மறுநாள் சில நேரம் ஆன் ஆக மறுக்கும். நாள்பட்டால் மதர்போர்டுக்கும் நல்லதில்லை. "அடாப்டரைப் பிடுங்கி வை அக்கா, ஹப்பைத் தொடாதே" என்றேன்.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது, நான் வாங்கும்போதே செய்திருக்க வேண்டும். ஹப்பின் அடாப்டரை மட்டும் கரண்ட்டில் மாட்டுங்கள். கணினியில் செருக வேண்டிய பிளக்கை கணினிக்குப் பதிலாக யுஎஸ்பி மீட்டரின் சாக்கெட்டில் செருகுங்கள். மீட்டர் இருட்டாக இருந்தால் நல்ல ஹப். மீட்டரில் திரை எரிந்து 5 வோல்ட் காட்டினால் வேண்டாம்.

அடுத்த தடவை அக்கா அனுப்பிவைத்த ஹப்போடும் மீட்டரோடும் அதே கடைக்குப் போய் இந்தச் சோதனையைச் செய்து காட்டினேன். கடைக்காரர் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். "இது எங்களுக்கே தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து வேறு மூன்று ஹப்களை எடுத்து மேஜையில் வைத்து, அவரே ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். ஒன்றில் மீட்டர் எரிந்தது, இரண்டில் எரியவில்லை. எரியாத இரண்டில் 12 வோல்ட் அடாப்டர் உள்ளதை எடுத்துக்கொண்டேன். கூட 450 ரூபாய் கொடுத்தேன்.

12 வோல்ட் ஹப்பை நான் விரும்பியதற்கு இன்னொரு காரணம், அக்காவின் மேஜைக்குக் கீழே இருக்கும் வைஃபை ரவுட்டர். அதன் அடாப்டர் 12 வோல்ட். 5 வோல்ட் ஹப்பின் அடாப்டர் முனையும் அதே உருண்டை முனை, அதே அளவு. கூட்டுகிற பெண் வயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினால் 5 வோல்ட்டுக்குச் செய்த ஹப்பில் 12 வோல்ட் ஏறும். ஹப்போடு போகாது, அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கும் யாரோ ஒருவரின் போனும் சேர்ந்து போகலாம். 12 வோல்ட் ஹப் என்றால் தப்பாக மாறினாலும் இவ்வளவு பெரிய சேதம் இருக்காது. இருந்தாலும் இரண்டு அடாப்டரிலும் முனைக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் சுற்றி 'ஹப்', 'ரவுட்டர்' என்று எழுதினேன். அடாப்டரில் இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பார்த்தேன், இருந்தது.

புதிய ஹப் மாட்டிய அன்று இன்னொரு சின்னத் தொல்லை. ஹார்ட் டிஸ்க் நகலெடுக்கும்போது மட்டும் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவும் என்று இன்டெல் 2012இலேயே ஒரு அறிக்கையில் விளக்கியிருக்கிறது. வயர்லெஸ் மவுஸ் பேசுவது அதே பகுதியில். முன்பக்கத்து உடையாத போர்ட் ஆடிக்கொண்டிருந்ததால் ரிசீவரை நான் ஹப்பின் நான்காவது போர்ட்டில், ஹார்ட் டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல் செருகியிருந்தேன். முன்பக்க சாக்கெட்டின் தகட்டைக் குறடால் மெதுவாக நெருக்கி, ரிசீவரை அங்கே மாற்றியதும் சரியானது. முன்பக்க போர்ட் இல்லாதவர்கள் ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் வயரில் ரிசீவரை மேஜை மேலே கொண்டுவரலாம்.

ஹப்புக்குள் எந்தச் சிப் என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஜெனிசிஸ் லாஜிக், வயா லேப்ஸ் இரண்டும் பரவலாக வரும், இரண்டிலும் எனக்குச் சிக்கல் வந்ததில்லை. மெதுவான பழைய கருவிகளை, குறிப்பாக யுஎஸ்பி ஒலிக் கருவிகளை ஒன்றுக்கு மேல் மாட்டுபவர்கள் மட்டும் அவற்றின் மெதுவான தகவலை வேகமான யுஎஸ்பிக்கு மாற்றித் தரும் மொழிபெயர்ப்பான் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக உள்ள சிப்பா என்று பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றால் அந்தக் கருவிகள் விநாடிக்கு 12 மெகாபிட்டைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அக்காவின் மேஜைக்கு அது தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது வேறொன்று. முதல் வாரமே மதியம் கரண்ட் போனது. கணினி யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, ஹப்பின் அடாப்டர் சுவர் பிளக்கில் இருந்தது. பேக்கப் நடுவில் ஹார்ட் டிஸ்க் பட்டென்று போய்விட்டது. நல்லவேளை, கோப்பு எதுவும் கெடவில்லை. அடாப்டரை யுபிஎஸ்ஸின் பேட்டரி சாக்கெட்டுக்கு மாற்றினேன். யுபிஎஸ் பின்னால் சில சாக்கெட்கள் மின்னல் பாதுகாப்புக்கு மட்டும்தான், கரண்ட் போனால் அவையும் போகும். எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருக வேண்டும்.

கடைசியாக ஸ்டிக்கர். பிரிண்டரைப் புதிய தகட்டுக்கு மாற்றியதும் விண்டோஸ் அதைப் புதிய பிரிண்டர் என்று நினைத்து 'காப்பி 1' என்று இன்னொன்றை உருவாக்கியது. அக்கா பழையதற்கே அச்சு அனுப்பி அனுப்பி அரை மணி நேரம் தவித்திருக்கிறாள். சில கருவிகள் தமக்கென வரிசை எண் சொல்லாது, அவற்றை விண்டோஸ் போர்ட்டை வைத்துத்தான் அடையாளம் காணும். அதனால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன், வயரிலும் அதே பெயர். கைரேகை மெஷினின் வயரில் மட்டும் சிவப்பு டேப், பிடுங்கக் கூடாது என்று.

எல்லாம் ஓடும்போது மீட்டரை மறுபடி செருகினேன். ஸ்கேனர் ஓட, போன் சார்ஜ் ஏற, ஹார்ட் டிஸ்க் சுழல, ஹப்பின் காலி போர்ட்டில் 5.06 வோல்ட், கைரேகை மெஷின் இருக்கும் போர்ட்டில் 4.98. நவம்பர் 30 அன்று மாலை வரை அக்கா எழுபதுக்கு மேல் உயிர்வாழ் சான்று எடுத்தாள். புதிய ஏற்பாட்டில் 720 ஒரு தடவைகூட வரவில்லை. 700 நான்கு பேருக்கு வந்தது, 300 இரண்டு பேருக்கு. அவர்களை வேறு விரலை வைக்கச் சொன்னாள். ஒரு பாட்டிக்குப் பத்து விரலிலும் விழவில்லை. அவருக்கு அக்காவே தன் போனில் முக அடையாளம் வழியாகச் சான்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

பழைய ஏழு போர்ட் ஹப் இப்போது என் மேஜை டிராயரில். அடுத்த தடவை ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது அந்தக் கடைக்காரரிடம் கொண்டுபோகிறேன். அடாப்டர் இல்லாமலே சொந்த மின்சாரம் இருக்கிறது என்று சொல்லும் ஹப்பை அவரும் ட்ரீ வியூவில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.